செவிப்பறை இழைய அமைப்பின் ஒளியியல் படிமமாக்கம்

செவிப்பறை இழைய அமைப்பின் ஒளியியல் படிமமாக்கம் என்பது, மனிதச் செவிப்பறையின் படைகள், தடிப்பு, நார்களின் ஒழுங்கு ஆகியவற்றை ஒளியைப் பயன்படுத்தி அறியும் முறைகளைக் குறிக்கும். மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் செவிநோக்கி செவிப்பறையின் வெளி முகத்தை மட்டுமே காட்டுகிறது. இங்கு விளக்கப்படும் முறைகள் அம்முகத்துக்கு உள்ளேயும், சில வேளைகளில் அதற்குப் பின்னாலும் உள்ளவற்றைக் காட்டுகின்றன. இவற்றுள் ஓசிடி என்று சுருக்கமாக வழங்கப்படும் ஒளியியல் ஓரியைபு வெட்டுவரைவு முதன்மையானது. ஒருகுவிய நுண்ணோக்கியியல், பல்ஒளியன் நுண்ணோக்கியியல், ஹோலோகிராபி, குற்றலை அகச்சிவப்புப் படமெடுப்பு ஆகியனவும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

செவிப்பறையின் அமைப்பு

செவிப்பறை வெளிச்செவிக் குழாயின் உள்முனையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு ஆகும். இதன் விட்டம் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர். தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிப்பு. இது தட்டையானது அன்று. நடுவில் உட்குழிந்து, ஆழம் குறைந்த கூம்பு வடிவில் உள்ளது. குழிவின் முனையிலிருந்து மேல்நோக்கிச் சுத்தி எலும்பின் கைப்பிடி சவ்வோடு ஒட்டியிருக்கிறது. ஒலி அலைகளால் சவ்வு அதிரும்போது அவ்வதிர்வு இக்கைப்பிடி வழியே பட்டறை எலும்புக்கும், அங்கவடி எலும்புக்கும், பின்னர் உட்செவிக்கும் செல்கிறது.

சவ்வின் பெரும்பகுதி இறுக்கமான பகுதி எனப்படும். மேற்புறத்தில் உள்ள சிறு முக்கோணப் பகுதி தளர்பகுதி ஆகும். இது 1832 ஆம் ஆண்டில் இதனை விவரித்த என்றி ஜோன்ஸ் ஷ்ராப்னெல் என்பவரின் பெயராலும் வழங்குகிறது.

இறுக்கமான பகுதி மூன்று படைகளால் ஆனது. வெளிப்புறத்தில் செவிக்குழாய்த் தோலின் தொடர்ச்சியான மேற்றோல் உள்ளது. உட்புறத்தில் நடுச்செவியின் சீதமென்சவ்வு, பெரும்பாலும் ஒரே உயிரணு அடுக்காக உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள நார்ப்படையே செவிப்பறைக்கு வலிமை தருவது. இதில் கொலாஜன் நார்கள் இரு வகையாக அடுக்கப்பட்டுள்ளன. வெளி அடுக்கில் அவை மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் போன்று சுத்தி எலும்பின் கைப்பிடியிலிருந்து விளிம்பு நோக்கி ஆரைவழியே செல்கின்றன. உள் அடுக்கில் வட்டமாகச் செல்கின்றன; இவை விளிம்பருகே செறிவாகவும் நடுவே அருகியும் காணப்படும். தளர்பகுதியில் இவ்வொழுங்கு இல்லை. அங்கு கொலாஜனோடு மீள்நார்கள் கலந்து, தளர்வாகக் கிடக்கின்றன.

மேற்றோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உடலின் பிற இடங்களில் தோல் உயிரணுக்கள் அடியிலிருந்து மேலெழுந்து உதிர்கின்றன. செவிப்பறையில் அவை பக்கவாட்டிலும் நகர்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்ற அளவில் நடுவிலிருந்து விளிம்புக்கும், அங்கிருந்து செவிக்குழாய் வழியே வெளியேயும் செல்கின்றன. இது நகம் வளரும் வேகத்துக்கு ஒப்பானது. செவிப்பறையில் மையால் புள்ளி இட்டுச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் புள்ளி இடம் மாறியிருக்கும்.

தேவை

மருத்துவத்தில் இம்முறைகளுக்கான தேவை பெரும்பாலும் சிறுவர் நோய்களிலிருந்தே எழுந்தது. நடுச்செவி அழற்சி சிறுவர்களுக்கு மிகப் பரவலாக வரும் நோய்களுள் ஒன்று. பல நாடுகளில் சிறுவர்களுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து எழுதித் தரப்படுவதற்கான முதன்மைக் காரணங்களிலும் ஒன்றாக உள்ளது. அழுகின்ற குழந்தையின் காதில் ஓரிரு நொடிகள் பார்த்து, செவிப்பறை சிவந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா, பின்னால் நீர்மம் உள்ளதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியுள்ளது. குழந்தை அழுதாலே செவிப்பறை சிவக்கும் என்பது இதனை மேலும் கடினமாக்குகிறது. தவறினால் தேவையற்ற மருந்து தரப்படலாம். அல்லது நீர்மம் கவனிக்கப்படாமல் மாதக்கணக்கில் தங்கி, பேச்சு பழகும் வயதில் கேட்கும் திறனைக் குறைக்கலாம். நீர்மம் உண்டா என்பதை ஐயமின்றி அறிய நெடுங்காலமாக இருந்த வழி செவிப்பறையைக் கீறிப் பார்ப்பதே.

பிற படமெடுப்பு முறைகள் இங்கு அதிகம் உதவுவதில்லை. மருத்துவமனைகளில் உள்ள கணினி வெட்டுவரைவுக் கருவி எலும்புகளை நன்கு காட்டும். ஆயினும் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவே செவிப்பறையின் தடிப்பைப் போல் சில மடங்கு ஆகும். மேலும், அதில் ஊடுகதிர் பயன்படுகிறது. மீயொலிக்குச் செவிக்குழாயை நீர்மத்தால் நிரப்ப வேண்டும். குழந்தைகள் இதனை ஏற்பதில்லை. ஒளிக்கு இவ்விரு இடர்களும் இல்லை. செவிப்பறை மிக மெல்லியதாகவும் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியதாகவும் இருப்பதால், ஒளியியல் முறைகளுக்கு உடலில் கண்ணுக்கு அடுத்துப் பொருத்தமான இடம் இதுவே எனலாம்.

இழையவியல் ஆய்வுக்கும் இம்முறைகள் தேவைப்பட்டன. வழக்கமான முறையில் செவிப்பறை பதப்படுத்தப்பட்டு, ஆல்ககாலில் நீர் நீக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மென்சீவல்களாக வெட்டப்படுகிறது. நீர் நீங்கும்போது இழையம் சுருங்குகிறது. வெட்டு சவ்வுக்குச் செங்குத்தாக அமையாமல் 30 பாகை சாய்ந்தால், தடிப்பு 15 விழுக்காடு மிகுத்துத் தெரியும். 60 பாகை சாய்ந்தால் இருமடங்காகத் தெரியும். கூம்பு வடிவச் சவ்வில் எல்லா இடங்களிலும் செங்குத்தாக வெட்டுவது இயலாது.

வரலாறு

செவிக்குழாயை விரித்துச் சூரிய ஒளியில் உள்ளே பார்க்கும் வழக்கம் பழமையானது. பிரான்சைச் சேர்ந்த கி டி சோலியாக் 1363 இல் எழுதிய அறுவை நூலில் செவி விரிப்பியைக் குறிப்பிட்டுள்ளார். செருமானிய மருத்துவர் பிரீட்ரிக் ஹோஃப்மன் 1841 இல் நடுவில் துளையிட்ட ஆடியால் ஒளியைக் காதினுள் செலுத்தி, அத்துளை வழியே பார்க்கும் முறையை அறிமுகப்படுத்தினார். அன்டன் ஃபொன் டிரோல்ட்ஷ் 1855 இல் இதனைச் செம்மைப்படுத்தித் தலையில் அணியும் வகையில் அமைத்தபின் முறை பரவலாயிற்று. காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் கருவியை சீக்ளே 1864 இல் வெளியிட்டார். 1865 இல் வியன்னாவைச் சேர்ந்த ஆடம் பொலிட்சர் செவிப்பறைத் தோற்றங்களுக்கென ஒரு நூல் வெளியிட்டார். நலமான செவிப்பறையில் கீழ் முன்பக்கம் தெரியும் ஒளிக்கூம்பு பற்றி மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். இது விளக்கொளியின் எதிரொளிப்பே. செவிப்பறையின் உறுப்பு அன்று.

சவ்வின் உள்ளமைப்பு பற்றிய ஆய்வு தனிவழியில் நடந்தது. 1800 இல் எவரார்டு ஹோம் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், யானையின் பெரிய செவிப்பறையில் ஆரைவழி இழைகளைக் கண்டு, அவை தசைகள் என்று அறிவித்தார். இழைகளின் திசையை அவர் சரியாகவே கண்டார்; அவை எதனால் ஆனவை என்பதில் தவறினார். ஜோசப் டொயின்பீ 1851 இல் மனிதச் செவிப்பறையின் படைகளை விளக்கி, ஆரைவழி இழைகளும் வட்ட இழைகளும் தசை அல்ல, நார்களே என்று காட்டினார். டொயின்பீ 1866 இல், காதிரைச்சலுக்கு மருந்தாகும் என்ற எண்ணத்தில் நச்சு ஆவிகளைத் தம் மீதே சோதித்தபோது இறந்தார். 1960 களின் இறுதியில் டேவிட் லிம் இலத்திரன் நுண்ணோக்கியால் நார்ப்படையின் நுண்ணமைப்பை விரிவாக வெளியிட்டார். அதன் பின் எழுந்த கேள்வி, இவ்வமைப்பை உயிருள்ள மனிதரின் காதில் காண இயலுமா என்பதே.

ஓசிடி முறை

ஒளியியல் ஓரியைபு வெட்டுவரைவு 1991 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலியோரால் உருவாக்கப்பட்டது. கண்ணின் விழித்திரையைப் பார்க்க இது உலகெங்கும் பயன்படுகிறது. கண் மருத்துவமனைக்குச் செல்வோர் பலர் ஓசிடி என்ற பெயரைக் கேட்டிருப்பர். காதிலும் பயன்படுவது இதே முறை ஆகும்.

இதன் கோட்பாடு மீயொலிப் படமெடுப்பைப் போன்றது. மீயொலியில் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் அறியப்படுகிறது. ஒளியோ மிக விரைவாகச் செல்வதால், சில மைக்ரோமீட்டர் வேறுபாட்டுக்கான நேரத்தை நேரடியாக அளக்க இயலாது. எனவே குறுக்கீட்டு விளைவு பயன்படுத்தப்படுகிறது. ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று செவிப்பறைக்கும் மற்றொன்று தொலைவு அறியப்பட்ட ஓர் ஆடிக்கும் அனுப்பப்படுகிறது. திரும்பிவரும் இரண்டும் மீண்டும் சேர்க்கப்படுகின்றன. பல அலைநீளங்கள் கலந்த ஒளியில், இரு பாதைகளின் நீளங்களும் ஏறக்குறையச் சமமாக உள்ளபோது மட்டுமே குறுக்கீட்டு வரிகள் தோன்றும். இதிலிருந்து எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்பது பெறப்படுகிறது. கற்றையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வெட்டுமுகப் படமும், இரு திசைகளில் நகர்த்தினால் முப்பரிமாணப் படமும் கிடைக்கும்.

ஆழப் பிரிதிறன் ஒளியின் அலைநீளத்தையும், அதன் நிறமாலை அகலத்தையும் பொறுத்தது. நடு அலைநீளம் 840 நானோமீட்டர், அகலம் 50 நானோமீட்டர் எனில், காற்றில் பிரிதிறன் ஏறக்குறைய 6 மைக்ரோமீட்டர். இழையத்தில் 4 மைக்ரோமீட்டரைச் சற்று மீறும். நார்ப்படையை இதனால் நன்கு காணலாம். ஆனால் சீதமென்சவ்வின் தடிப்பே சில மைக்ரோமீட்டர் தான். ஆகவே பிரிதிறன் 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட கருவிகளில் செவிப்பறை ஒரே பட்டையாகத் தெரியும். அத்தகைய படங்களில் மூன்று படைகளும் தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தால், அதனை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும்.

ஓசிடி காட்டும் தடிப்பு உண்மைத் தடிப்பு அன்று. ஒளிப்பாதையின் நீளம் ஆகும். இழையத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4 என்பதால், 100 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சவ்வு, கற்றை செங்குத்தாக விழும்போது 140 மைக்ரோமீட்டராகத் தெரியும். செவிப்பறை குழாயின் அச்சுக்குச் சாய்ந்து இருப்பதால் கற்றை செங்குத்தாக விழுவது அரிது. கற்றை செங்குத்திலிருந்து 50 பாகை விலகி விழுந்தால், உள்ளே ஒளிமுறிவு நிகழ்ந்து, அதே சவ்வு ஏறத்தாழ 167 மைக்ரோமீட்டராகத் தோன்றும். வெவ்வேறு ஆய்வுகளின் தடிப்பு அளவுகளை ஒப்பிடுமுன் இத்திருத்தம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

நடுச்செவியில் ஓசிடியைப் பயன்படுத்த இயலும் என்பதைப் பிட்ரிஸ், புஜிமோட்டோ முதலியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உயிருள்ள மனிதரின் செவிப்பறையை இம்முறையில் படமெடுத்த ஆய்வை ஜலிலியன் முதலியோர் 2008 இல் வெளியிட்டனர். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகக் குழு 2013 இல் செவிப்பறை முழுவதன் தடிப்பு வரைபடத்தை ஓசிடியால் பெற்றது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பொப்பார்ட் தலைமையிலான குழுவின் பணி மருத்துவ நோக்கில் குறிப்பிடத்தக்கது. நாட்பட்ட நடுச்செவி அழற்சியில் மருந்து பயனற்றுப் போவதற்கு, நுண்ணுயிரிகள் பசைபோன்ற உயிர்ப்படலமாக ஒட்டிக்கொள்வது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அப்படலம் செவிப்பறையின் உட்புறத்தில் இருப்பதை, எதையும் கீறாமல் மனிதரில் கண்டறிந்த ஆய்வை இக்குழு 2012 இல் வெளியிட்டது. ஓசிடி படத்தில் நலமான செவிப்பறை ஒரு மெல்லிய கோடாகவும், அதன்பின் வெறுமையாகவும் தெரியும். உயிர்ப்படலம் இருந்தால் கோட்டின் அடியில் மற்றொரு பட்டை ஒட்டியிருக்கும். நீர்மம் இருந்தால், தெளிந்ததாயின் பின்புறம் ஏறக்குறைய இருண்டும், சீழாயின் புள்ளிகள் நிறைந்தும் காணப்படும். கீறிப் பார்க்காமல் இவ்வேறுபாட்டை அறிய இயல்வதே இம்முறையின் பெரும்பயன்.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் செவிப்பறையோடு நில்லாமல் சிற்றென்புகள் வரை எட்டும் கருவி உருவாக்கப்பட்டு, உயிருள்ள மனிதரின் நடுச்செவியை நிகழ்நேரத்தில் காட்டும் ஆய்வு 2016 இல் வெளியானது. இதில் டாப்ளர் முறையால் அசைவும் அளக்கப்படுகிறது.

கொலாஜன் நார்களைக் காணும் முறைகள்

ஓசிடி தடிப்பைக் காட்டினாலும் தனி நார்களைக் காட்டுவதில்லை. அதற்குப் பல்ஒளியன் நுண்ணோக்கி பயன்படுகிறது. மிகக் குறுகிய அகச்சிவப்புச் சீரொளித் துடிப்புகளை இழையத்தில் குவித்தால், கொலாஜன் நார்கள் பாதி அலைநீளம் கொண்ட ஒளியை உண்டாக்குகின்றன. 800 நானோமீட்டர் ஒளி உட்செல்ல, 400 நானோமீட்டர் நீல ஒளி வெளிவரும். இது இரண்டாம் சீரிசை ஒளி எனப்படும். சமச்சீர் மையம் இல்லாத, ஒழுங்காக அடுக்கப்பட்ட பொருள்களிலேயே இது தோன்றும் என்பதால் சாயம் ஏற்றாமலே கொலாஜன் மட்டும் தெரிகிறது. மீள்நார்கள் இவ்வொளியைத் தருவதில்லை. அவை ஒளிர்வால் வேறாக அறியப்படுகின்றன. ஆரைவழி அடுக்கும் வட்ட அடுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை, குவியத்தை ஆழமாக நகர்த்தியே காணலாம். சுனில் பூரியா முதலியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறையும் இலத்திரன் நுண்ணோக்கியும் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன.

இந்நுண்ணோக்கியின் வில்லை பொருளுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். செவிக்குழாயோ ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமும் வளைவும் உடையது. ஆகவே இம்முறை பெரும்பாலும் உடலிலிருந்து எடுக்கப்பட்ட செவிப்பறைகளிலேயே கையாளப்பட்டுள்ளது.

ஒருகுவிய நுண்ணோக்கியால் ஆண்ட்வெர்ப் ஆய்வாளர்கள் கைப்பர்ஸ், டெக்ரேமர், டிர்க்ஸ் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட அளவீடு பலராலும் எடுத்தாளப்படுகிறது. சவ்வின் நடுப்பரப்பில் தடிப்பு பெரும்பாலும் சீராக இருந்து, விளிம்பருகே கூடுகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இது ஏறத்தாழ 40 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை மாறுபடுகிறது. இம்மாறுபாடு சிறியதன்று. ஒரு தகட்டின் வளைவு எதிர்ப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப அமைவதால், 40 மைக்ரோமீட்டர் சவ்வை விட 80 மைக்ரோமீட்டர் சவ்வு, பிற யாவும் சமம் எனில், எட்டு மடங்கு விறைப்பானது. செவிப்பறையின் மீள்திறன் குணகத்தைப் பெக்கெசி 20 மெகாபாஸ்கல் என்றும், கிரிகாய் 1960 இல் 40 மெகாபாஸ்கல் என்றும் கணித்தனர். இத்தகைய கணிப்புகள் தடிப்புக்குக் கொள்ளப்படும் மதிப்பைச் சார்ந்தவை.

அதிர்வைக் காணுதல்

அமைப்பை அறிவதன் நோக்கம் செயலை அறிவதே. 1868 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், செவிப்பறையின் வளைவே ஒலியின் விசையைப் பெருக்குகிறது என்று கருதினார். 1941 இல் பெக்கெசி, தாழ்ந்த அதிர்வெண்களில் சவ்வின் பெரும்பகுதி ஒரு விறைத்த தகடு போல ஒருசேர அசைகிறது என்று அறிவித்தார். அக்கருத்து மூன்று பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது. 1972 இல் ஜூர்கன் டோன்டார்ஃப், ஷியாம் கன்னா ஆகியோர் பூனையின் செவிகளிலும் மனிதச் சடலச் செவிகளிலும் சீரொளி ஹோலோகிராபியைப் பயன்படுத்தினர். சம அசைவுக் கோடுகளைக் கொண்ட அப்படங்களில், சுத்தி எலும்பின் இருபுறமும் சவ்வு கைப்பிடியை விட மிகுதியாக அசைவது தெரிந்தது; விறைத்த தகடு என்ற கருத்து கைவிடப்பட்டது. அதிர்வெண் கூடும்போது இக்கோலம் பல சிறு மேடுகளாக உடைகிறது. பின்னர் ஜோன் ரொசோவ்ஸ்கி, ஜெஃப்ரி செங் முதலியோர் அதிர்வின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்துக் காட்டும் ஹோலோகிராபியால் 2010 முதல் இதனை விரிவாக்கினர்.

குற்றலை அகச்சிவப்பு முறை

ஏறக்குறைய 1,450 நானோமீட்டர் அலைநீளத்தை நீர் வலுவாக உறிஞ்சுகிறது. இப்பகுதியில் பார்த்தால் நீர்மம் நிறைந்த நடுச்செவி கருமையாகவும், காற்று நிறைந்தது வெளிறியும் தெரியும். இவ்வடிப்படையில் ஒரு செவிநோக்கியை துலியோ வால்டெஸ், மவுங்கி பவெண்டி முதலியோர் 2016 இல் விவரித்தனர். பவெண்டி 2023 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்; அப்பரிசு குவாண்டம் புள்ளிகளுக்கானது. இம்முறை படைகளைக் காட்டாது. எனினும் எளியது; மருத்துவருக்குப் பழகிய முகப்புத் தோற்றத்தையே தருகிறது.

நோய்களில் காணப்படும் மாற்றங்கள்

துளைபட்ட செவிப்பறை தானே ஆறும்போது மேற்றோலும் சீதமென்சவ்வும் துளையை மூடிவிடுகின்றன. நார்ப்படை பெரும்பாலும் மீள வளர்வதில்லை. அவ்விடம் செவிநோக்கியில் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தெரிவதால், துளை இன்னும் உள்ளது என்று தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. ஓசிடி வெட்டுமுகத்தில் சவ்வு தொடர்வதும், தடிப்பு திடீரெனக் குறைவதும் தெளிவாகத் தெரியும். இத்தகைய மெலிந்த இடமே நடுச்செவியின் குறையழுத்தத்தால் உள்நோக்கி இழுபட்டுப் பை போலாகக் கூடும். மேலே கூறிய மேற்றோல் நகர்வு அப்பைக்குள் தடைப்பட்டால், உதிர்ந்த தோல் வெளியேற வழியின்றித் திரண்டு, எலும்பை அரிக்கும் கொலஸ்டியோமா என்னும் கட்டியாக மாறலாம். கவனிக்கப்படாத கொலஸ்டியோமா செவித்திறனையும் முகநரம்பையும் கெடுத்து, மூளை வரை தொற்றைக் கொண்டு செல்லக்கூடும். பையின் அடி எங்குள்ளது என்பதை முன்னரே காண்பது இதனால் முக்கியமானது.

செவிப்பறைத் தழும்பேற்றத்தில் நார்ப்படையில் கால்சியம் படிந்து வெண்திட்டுகள் உண்டாகின்றன. ஓசிடியில் இவை பளிச்சென்று தெரியும். அவற்றின் பின்னுள்ளவற்றை மறைத்தும் விடும்.

துளையை மூடும் அறுவையில் பொட்டுத்தசையின் உறையோ குருத்தெலும்போ ஒட்டப்படுகிறது. இவற்றில் ஆரைவழி, வட்ட நார் ஒழுங்கு இல்லை. படிமமாக்கத்தால் கிட்டிய அமைப்பைப் பின்பற்றி, ஆரைவழி இழைகளும் வட்ட இழைகளும் கொண்ட செயற்கைச் சவ்வுகளை முப்பரிமாண அச்சால் உருவாக்கி, அவற்றின் அதிர்வை ஆய்வகத்தில் சோதித்த முடிவுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்டனர்.

வரம்புகள்

செவிக்குழாயில் குறும்பி இருந்தால் எந்த ஒளியியல் முறையும் பயன்படாது; முதலில் அதனை அகற்ற வேண்டும். குழாயின் முன்சுவர் புடைத்திருப்போருக்குச் செவிப்பறையின் முன் விளிம்பு கண்ணுக்கும் கருவிக்கும் ஒருங்கே மறைந்திருக்கும். குழந்தையின் அசைவு படத்தைக் குலைக்கும். தடித்து வீங்கிய செவிப்பறையில் ஒளி சிதறிப் பின்புறத்தை எட்டாமல் போகலாம். கடுமையான அழற்சியில், அதாவது மருத்துவருக்கு உதவி மிகவும் தேவைப்படும் வேளையில், இது நேர்கிறது. கையடக்க ஓசிடி கருவிகள் உருவாக்கப்பட்டுச் சிறுவர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவற்றின் விலை சாதாரணச் செவிநோக்கியைப் போல் பன்மடங்கு ஆகும். நாட்பட்ட சீழ் வடியும் செவிநோய் மிகுந்துள்ள ஏழை நாடுகளின் ஆரம்ப நலவாழ்வு நிலையங்களில் காதுக்குள் பார்க்கும் கருவி இன்றும் பெரும்பாலும் விளக்கும் உருப்பெருக்கு வில்லையும் கொண்ட பழைய செவிநோக்கியே.